சிங்க் கட்டிக்கு நான் பூசிய நீலம்

போன கிழமை நண்பர் நவ்பரின் படகைக் கிண்ணியாக் கரையில் ஏற்றினார்கள். வேடிக்கை பார்க்கப் போனேன். பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம்!

இரும்புப் படகு. திருகோணமலைத் துறைமுகத்தில் நிற்கிற கப்பல்களுக்குத் தண்ணீரும் மரக்கறியும் கொண்டுபோகும். நவ்பரின் வீட்டில் அடுப்பு எரிவதே அதனால்தான்.

வெல்டிங் வேலைக்கு வந்த தவம் படகின் அடித் தகட்டைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. நவ்பரின் முகமும் மாறியது. இரண்டு இடங்களில் தகடு கடதாசியாக மெலிந்திருந்தது.

“போன வருஷம்தானே புதுசா சிங்க் கட்டி பூட்டினது!” என்று கத்தினார் நவ்பர்.

படகின் அடியில் பூட்டும் அந்தத் துத்தநாகக் கட்டிகளின் வேலையே அரிபட்டுச் சாவதுதான். கட்டி கரையக் கரைய, இரும்பு தப்பும். ஒரு வருடத்தில் பாதியாவது போயிருக்க வேண்டாமா? மேலே ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிப் பார்த்தால்... மூலைகூட மழுங்காமல் ஜம்மென்று இருந்தன.

“போலிச் சாமான்! இப்பவே போய்க் கடைக்காரன்ட சட்டையப் பிடிக்கிறன்.” நவ்பர் மோட்டார் சைக்கிளில் ஏறி எஞ்சினைப் போட்டுவிட்டார்.

தவம் ஒரு கட்டியை நகத்தால் கீறினார். “நில்லுங்கோ நவ்பர் நானா. சாமான் நல்லது. ஆரோ இதுக்கு மேல பெயின்ற் அடிச்சிருக்கினம். தண்ணி படாட்டி இது கரையாது. பிறகு உப்பு இரும்பைத்தான் தின்னும்.”

“பூட்டினதும் கடை ஆள்தானே? அவன்தான் பூசியிருப்பான்!”

எனக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. போன வருடம் பெயின்ற் அடித்த அன்று வெள்ளிக்கிழமை. எல்லோரும் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். நான் தனியாக, கையில் மீதி நீலப் பெயின்ற். படகு முழுக்கப் பளபளக்க, இந்தச் சாம்பல் கட்டிகள் மட்டும் அசிங்கமாக ஏன்? பார்த்துப் பார்த்து மூன்று தரம் பூசினேன். அவர்கள் வந்ததும் படகு கடலில் இறங்கிவிட்டது. என் கைவண்ணத்தை யாரும் கவனிக்கவில்லை.

சொல்லாமல் விட்டால் ஒரு பாவமும் அறியாத மனிதர் அடி வாங்குவார். சொன்னால்? இருபது வருடச் சிநேகிதம்...

“நவ்பர், அது நான். மூணு தரம் பூசினன்.”

எஞ்சினை நிறுத்தினார். என்னையே பார்த்தார்.

“தகட்டை வெட்டி ஒட்டலாம். பத்து நாள் பிடிக்கும்,” என்றார் தவம் மெதுவாக.

“பத்து நாளா...” நவ்பர் தலையில் கை வைத்தார். பிறகு திடீரென்று சிரிக்கத் தொடங்கினார். “மூணு தரமா மச்சான்? ஒரு தரம் பூசினாப் போதாதா?”

புது ரிமோட்டைப் பொலித்தீனுக்குள் வைத்து அமத்துகிற ஆட்கள்தானே நாம்! தேய்வதற்கென்றே செய்த பொருளைக்கூடத் தேய விடமாட்டோம்.

நவ்பர் அந்தக் கடைக்குத்தான் போனார், புதுக் கட்டி வாங்க. போன தடவை தந்த சாமான் எப்படி என்று கடைக்காரர் கேட்டாராம்.

“முதல் தரம். ஒரு வருஷமாகியும் அப்படியே புதுசா இருக்கு” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார் மனுஷன்!