பாதியில் வெட்டுப்பட்ட பத்தி

இன்று காலை மகளின் புது ஆங்கில இலக்கணப் பயிற்சிப் புத்தகத்தைப் பிரித்ததும் எழுந்த மை வாசனை, விஸ்வநத்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த, இப்போது லாரி நிற்கும் இடமாகிவிட்ட தகரக் கொட்டகைக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அச்சகத்தில் கழித்த தாள்கள் அங்கேதான் லோடாக வந்திறங்கும். அம்மாவும், ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை நிறுத்திய அக்காவும் அவற்றில் பசை தடவி வெடிக்கான குழாய்களாகச் சுற்றுவார்கள். கோடிட்ட இடம் நிரப்பும் ஆங்கிலப் பத்தி ஏதாவது கண்ணில் பட்டால், அக்கா உதடசைத்து வாசித்து, பசை விரலாலேயே விடையை எழுதி, அது காய்வதற்குள் சுற்றிவிடுவாள்.

"சீசன் நேரத்துல என்ன வாசிப்பு?" என்பாள் அம்மா.

ஒரு சிறுமி ரயிலைப் பிடிக்க ஓடும் பத்தி மட்டும் பாதியில் வெட்டுப்பட்டு வந்தது. மிச்சத் தாளை அக்கா ஒவ்வொரு லோடிலும் தேடினாள், "பிடிச்சிருப்பாளாடி?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே.

மகளின் புத்தகத்தில் அதே பத்தி முழுதாக இருந்தது. உடனே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, அந்தப் பிள்ள ரயிலப் பிடிச்சிருச்சு!"

"எந்தப் பிள்ளடி?" என்றாள் அக்கா. பின்னால் ஹாரன் விடாமல் அடித்தது. "கம்பெனி வேன் கெளம்புது, ஓடணும். பொறவு பேசு."