ராஜபாளையத்தில் நான் சுத்தம் செய்த அறை

விடிந்தும் விடியாமலும் ராஜபாளையம் ஸ்டேஷனில் இறங்கினோம், நானும் என் வீட்டுக்காரரும். அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைப் பார்ப்பது, மறுநாள் அய்யனார் கோவில் அருவி, இதுதான் திட்டம். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். ஏசி இல்லாத அறை, நாளுக்குத் தொள்ளாயிரம்.

வெளியூர் அறை என்றால் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. பெட்டியைக் கீழே வைக்கும் முன் மெத்தையின் மூலையைத் தூக்கி மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பேன். தலையணையை மோந்து பார்ப்பேன். குளியலறைக் கண்ணாடியில் யாரோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டைச் சுரண்டி எறிவேன். விரிப்பும் பினாயிலும் என் பையிலேயே இருக்கும். வீட்டுக்காரர் இதற்கு ‘போலீஸ் சோதனை’ என்று பெயர் வைத்திருக்கிறார்.

மேனேஜர் பாய் சாவியைக் கொடுக்கத் தயங்கினார். “இப்பத்தான்க்கா காலி பண்ணிட்டுப் போனாவ. செத்த நேரம் இருங்க, கூட்டித் தொடச்சுத் தாரோம்.”

“நீங்க கொடுங்க பாய், நானே பாத்துக்கறேன்” என்றேன். அந்த அவசரத்தை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே எரிச்சல் வருகிறது.

அறை ஒன்றும் மோசமில்லை. ஜன்னல் கம்பியில் மட்டும் ஒரு மாலை தொங்கியது. துளசி கறுத்து, செவ்வந்தி வாடி, எறும்பு ஏறியிருந்தது. ஏதோ கல்யாண வீட்டு மாலை என்று நினைத்தேன். “சீ! யாரோ போட்டுக் கழட்டினது” என்று இரண்டு விரலால் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டு, கூட்ட வந்த அம்மாவிடம் கூடையோடு கொடுத்தனுப்பினேன்.

பத்து மணிக்கு மேல் பஸ் ஏறினோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். மேற்கே மலை கூடவே வந்தது. கோயிலில் நல்ல கூட்டம். எனக்கு முன்னால் நின்ற பெண்ணுக்கு, ஆண்டாளுக்குச் சாத்தி எடுத்த மாலையை அர்ச்சகர் கொடுத்தார். கல்யாணம் தள்ளிப்போகிற பெண்கள் அதை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். துளசி, செவ்வந்தி, நடுநடுவே சம்பங்கி. காலையில் நான் குப்பையில் போட்டதும் இதே மாலைதான். வீட்டுக்காரரிடம் சொன்னேன். பால்கோவாகூட வாங்காமல் திரும்பினோம்.

லாட்ஜ் சந்தில் கூட்டுகிற அம்மா வாளி கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கூடையைப் பற்றிக் கேட்டேன்.

“அது அப்பவே குப்பை வண்டியில போயிருச்சேம்மா” என்றார்.

உள்ளே போனால் வரவேற்பறை நாற்காலியில், மடியில் பையோடு ஒரு அம்மா. ஐம்பது வயதிருக்கும்.

“தேவதானத்துக்காரவிய. நேத்து உங்க ரூம்ல தங்குனாவ” என்றார் பாய். “மாலைய மறந்து வச்சுட்டாவளாம். நீங்க இல்லாம எப்படித் திறக்கன்னு இருக்கச் சொன்னேன்.”

அந்த அம்மா எழுந்துவிட்டார். “எம் மகளுக்கு வாங்குனதும்மா. நாலு வருசமா வரன் அமையல. நாளைக்கு ஒரு எடத்துலருந்து பாக்க வாராவ, அதுக்குள்ள அவ கழுத்துல போட்டுறணும்னு ஓடியாந்து வாங்குனேன். மழையில ஊருக்குப் போற கடைசி பஸ்ஸ விட்டுட்டு இங்க தங்கும்படி ஆச்சு. யாரு யாரோ படுத்து எந்திரிச்ச கட்டில்ல வைக்க மனசு வரல. அதான் ஜன்னல்ல தொங்கவிட்டேன்.”

ஐயோ, நானும் அதையேதானே சொல்லிக்கொண்டு திரிகிறேன்!

“வாடியிருந்துச்சும்மா, தெரியாம எடுத்துப் போட்டுட்டேன்” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது. “வாங்க, கார் பிடிச்சுப் போய் வேற வாங்கலாம்.”

“இப்ப நடை சாத்திருப்பாவ. சாயந்தரம் வரைக்கும் நிக்க முடியாதும்மா, வீட்டுல அம்புட்டு வேலை கெடக்கு. நீங்க என்ன செய்வீய, மறந்தவ நான்தான” என்று என்னைத்தான் தேற்றினார்.

வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கால் படாத எடத்துலதானம்மா போட்டிய?”

“ஆமாம்மா” என்றேன்.

“அது போதும்” என்று கும்பிட்டுவிட்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.

நாங்கள் அருவிக்குப் போகவில்லை. அன்றைக்கே ஊர் திரும்பினோம். பார்க்க வந்தவர்களுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்ததா, இல்லையா? அவள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.