ஒட்டுக்குக் கீழே துளிர்த்தது

ரியாதுக்கு வடக்கே, நகரம் முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஒரு வீட்டில் ஆறு வருஷம் தோட்ட வேலை பார்த்தேன். லீவில் ஊருக்குப் போனால், "அந்த வெயில்ல என்னத்தத் தோட்டம் போடுற?" என்று கேட்பார்கள். அங்கே குளிர் உண்டு என்றால் யாரும் நம்புவதில்லை. சில வருஷங்களில் ஜனவரி காலையில் வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு ஏடு கட்டியிருக்கும். விரலால் தட்டினால் உடையும்.

அங்கே தோட்டக்காரனுக்கு வருஷம் அக்டோபரில்தான் பிறக்கிறது. கோடையில் தரையை மூடியிருப்பது நம்மூர் அருகம்புல் இனம். குளிர் வந்தால் அது வைக்கோல் நிறத்துக்குப் போய்த் தூங்கிவிடும். அதற்கு முன்பே அதை ஒட்ட வெட்டி, வாரி எடுத்துவிட்டு, அதன் மேலேயே குளிர்காலப் புல்லின் விதையைத் தூவ வேண்டும். மெல்லிசாக எருவும் மணலும் போட்டு, ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை தண்ணீர் காட்டினால் பத்து நாளில் பச்சை தெரியும். கூடவே பெட்டூனியாப் பூ நாற்றும் நட்டுவிடுவோம். நவம்பர் முடிந்துவிட்டால் உரம் கிடையாது, தண்ணீர் குறைவு, எலுமிச்சை ஆரஞ்சு மரங்களில் ரம்பம் வைக்கவே கூடாது. வெட்டினால் வெட்டிய இடத்தில் இளந்துளிர் வரும். பனி முதலில் தின்பது அதைத்தான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த வீட்டில் இருந்தது இரண்டே பேர். வீட்டுக்காரர் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் அவர் மனைவியும். வேலைக்காரர்கள் வீட்டுக்காரரைப் 'பாபா' என்றும் வீட்டம்மாவை 'மாமா' என்றும் கூப்பிடுவது அங்கே வழக்கம். ஒரு பெண்ணை மாமா என்று கூப்பிட எனக்கு முதல் ஒரு மாதம் வாய் கூசியது. அப்புறம் பழகிவிட்டது. எங்களோடு டிரைவர் ஒருவர் இருந்தார், ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். வெள்ளிக்கிழமைகளில் அவர்தான் என்னை ரியாதின் பத்தா கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவார். அங்கே ஒரு மெஸ்ஸில் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போன் பேசிவிட்டு, சாயங்கால அஸர் தொழுகைக்குத் திரும்பிவிடுவோம்.

முற்றத்தில் ஓர் ஆரஞ்சு மரம் இருந்தது. ஓய்வு பெற்ற வாரத்தில் பாபா தன் கையால் நட்ட ஒட்டுச்செடி. மற்ற மரங்களுக்கெல்லாம் நான் பொறுப்பு, அதற்கு மட்டும் அவர்தான். பாத்தி கட்டுவது, காய்ந்த குச்சி ஒடிப்பது எல்லாம் அவர் வேலை. ஜனவரியில் பழுத்ததும் ஒன்றைப் பறித்து, நான் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தால் முதுகில் லேசாகத் தட்டி, கையில் வைத்துவிட்டுப் போவார். பேச மாட்டார். குணமே அப்படி.

நான் போன நான்காம் வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், நான்கைந்து சொற்கள்தான் மிச்சம். அவர் கட்டிலை முன்னறைக்கு மாற்றி ஜன்னலோரம் போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் ஆரஞ்சு மரம் நேராகத் தெரியும்.

அடுத்த டிசம்பரில் ஜித்தாவிலிருந்து அவர் மகன் குடும்பத்தோடு வந்தார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது அவர் வந்து. குளிருக்கு அங்கே முற்றத்தில் கூடாரம் போட்டு, விறகு மூட்டி உட்காருவார்கள். கூடாரத்துக்குச் சமதளமாக இருந்த ஒரே இடம் ஆரஞ்சு மரத்துக்குப் பக்கத்தில். அவர் என்னைக் கூப்பிட்டு, மரத்தின் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழ்வரை கையால் காட்டினார்.

"இதையெல்லாம் எடுத்துடு. கூடாரம் இங்கதான் வரணும். யல்லா, ஜல்தி."

எனக்கு அரபி அரைகுறைதான். ஆனாலும் "இப்போது வேண்டாம், குளிருக்கு அப்புறம்" என்று சொல்ல நான்கு சொல் போதும். அந்த நான்கும் என்னிடம் இருந்தன. நான் "அச்சா" என்று மட்டும் சொன்னேன். பாபா படுத்துவிட்ட பிறகு என் இகாமாவை, அங்கே தங்கி வேலை செய்வதற்கான அனுமதி அட்டையை, புதுப்பிப்பது இந்த மகன் கையில் இருந்தது. ஊரில் என் பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் அந்த நிமிஷம் மனதில் ஓடியதா, இல்லை பிற்பாடு நானாகத் தேடிக்கொண்ட காரணமா என்று தெரியவில்லை. ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்து வெட்டினேன். பாதி மரம் போயிற்று. வெட்டி முடிக்கும்வரை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

கூடாரம் வந்தது. பத்து நாள் வீடு கலகலப்பாக இருந்தது. பாபாவை நாற்காலியில் வைத்து நெருப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். பேரப்பிள்ளைகள் அவர் மடியில் பேரீச்சங்கொட்டைகளைச் சேர்த்து விளையாடினார்கள். விடுமுறை முடிந்து அவர்கள் போனதும் நானும் பாயும் கூடாரத்தைச் சுருட்டி ஷெட்டில் போட்டோம்.

அதன்பின் இரண்டு வாரம் வெயில் இதமாக இருந்தது. வெட்டிய இடமெல்லாம் துளிர் விட்டது. தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பாய்தான் போனைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "தம்பி, மூணு நாளைக்கு வடக்கு காத்தாம். தண்ணி உறையுமுனு போட்டுருக்கான்."

அன்று மத்தியானமே வீட்டிலிருந்த பழைய படுக்கை விரிப்புகள், சாக்குகள், என்னுடைய இரண்டாவது கம்பளி எல்லாவற்றையும் சேர்த்தேன். பெட்டூனியாப் பாத்திகளை மூடினேன். எலுமிச்சைக் கன்றுகளுக்குச் சாக்கு கட்டினேன். ஈர மண் சூட்டைக் கொஞ்சம் பிடித்துவைக்கும் என்பதால், பொழுது சாய்வதற்குள் எல்லாவற்றுக்கும் தண்ணீர் விட்டேன். ஆரஞ்சு மரத்துக்குத் துணி மிஞ்சவில்லை. கூடாரத் துணி ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் அது ஒற்றை ஆள் தூக்குகிற பாரம் இல்லை. பாய் வீட்டம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தார். பெரிய மரம்தானே, ஒரு ராத்திரி தாங்கும், நாளைக்குப் போர்த்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் இலைகள் வெந்நீரில் போட்டு எடுத்த கீரை மாதிரி தொங்கின. இரண்டு நாளில் கறுத்துச் சுருண்டன. அடிமரத்துப் பட்டை ஒரு பக்கம் நீளமாக வெடித்திருந்தது. சேதி ஜித்தாவுக்குப் போனது. "தோண்டி எடுத்துடச் சொல்லு, கலாஸ், முடிஞ்சுது, ஒரு பேரீச்சை வெச்சுக்கலாம்" என்று மகன் சொன்னதாக வீட்டம்மா வந்து சொன்னார்.

"மாஃபி, மாமா, கூடாது," என்றேன். "ரெண்டு மாசம் விடுங்க."

அந்த வீட்டில் நான் ஒன்றை மறுத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. பனியில் கருகிய மரத்தை உடனே வெட்டக் கூடாது. எதுவரை உயிர் இருக்கிறது என்று வெயில் வந்த பிறகுதான் மரம் காட்டும். வீட்டம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சரி என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

அந்த இரண்டு மாதமும் தினம் காலையில் போய் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்ப்பேன். உள்ளே பச்சை இருந்தால் உயிர், பழுப்பு என்றால் இல்லை. முதலில் நுனிக் கிளைகள் பழுப்பு. பிறகு பெரிய கிளைகள். பிறகு அடிமரம். ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் குனிய வேண்டியிருந்தது. பாபா ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு என் முதுகு மட்டும் தெரிகிற மாதிரி நின்று சுரண்டுவேன்.

மார்ச்சில் துளிர் வந்தது. பாய்தான் முதலில் கண்டார். அவர் போய்ச் சொல்ல, வீட்டம்மா செருப்புக்கூடப் போடாமல் வெளியே வந்து, குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஜன்னலைப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார். உள்ளே பாபாவின் இடது கை எழுந்தது.

எனக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. துளிர் வந்திருந்தது ஒட்டுக்குக் கீழே. ஒட்டுச்செடியில் கீழ்ப்பாதி ஒரு மரம், மேல்பாதி இன்னொரு மரம். அடிமரத்தில் தழும்பு மாதிரி இருக்கிற அந்த முடிச்சுக்கு மேலே இருந்ததுதான் பாபா நட்ட இனிப்பு ஆரஞ்சு. அது முழுக்கச் செத்துவிட்டது. இது வேருக்காக வைத்த மரம். இலைக்காம்பில் சிறகு மாதிரி இன்னொரு குட்டி இலை, கணுவுக்குக் கணு முள். நம்மூர் நாரத்தை மாதிரி.

அன்று சாயங்காலம் பாயிடம் சொன்னேன். அவர் கார் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைப் பிழிந்து போட்டுவிட்டு, "இது காய்க்க எத்தன வருசமாகும்?" என்றார்.

"நாலு அஞ்சு ஆவும்."

"அப்ப சொல்லாத. அந்த மனுசன் இருக்குற மட்டும் பச்சயப் பாத்துட்டு இருக்கட்டும். நீயும் நிம்மதியா இரு."

சரி என்று பட்டது. மூன்று வாரம் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

பிறகு ஒரு காலையில் வீட்டம்மாவும் பாயும் பாபாவைச் சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்தார்கள். மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியதும் அவர் இடது கையை நீட்டினார். துளிர் அதற்குள் முழங்கால் உயரம் வந்திருந்தது. ஓர் இலையைப் பறித்தார். உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

"நாரஞ்ச்," என்றார்.

கசப்பு ஆரஞ்சுக்கு அங்கே அதுதான் பெயர். நாரத்தை என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் இருக்கிற சொல். எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவர் நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த அரபியில் இறந்தகாலம் சரியாக வராது. நான் வெட்டு, நான் தெரியும், நான் போர்த்து மாஃபி என்கிற மாதிரிதான் வந்தது. சொல்ல நினைத்தது இதுதான்: "பாபா, நான்தான் வெட்டினேன். குளிருக்கு முன்னாடி வெட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே வெட்டினேன். கூடாரத் துணியப் போத்தியிருக்கலாம். அதையும் செய்யல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வீட்டம்மாதான் பேசினார், எனக்கும் புரியட்டும் என்று மெதுவாக.

"அவன மட்டும் சொல்லாதீங்க. நான் சமையல்கட்டு ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பிள்ளை ஒரு வருஷம் கழிச்சு வந்திருக்கான், எதுக்கு ஒரு பேச்சுன்னு இருந்துட்டேன்."

பாபாவின் கண்ணில் நீர் வழிந்தது. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் கண்ணில் எப்போதும் நீர் வழியும். அதனால் அது என்ன நீர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கசக்கிய இலையை விடாமல் கைக்குள் மூடிக்கொண்டு, "மோயா" என்றார். தண்ணீர்.

குடிக்கக் கேட்கிறார் என்று வீட்டம்மா உள்ளே திரும்பினார். பாபா "லா" என்று தலையை அசைத்துவிட்டுத் தாடையால் பாத்தியைக் காட்டினார். நான் எழுந்து போய்க் குழாயை இழுத்துவந்து விட்டேன். பாத்தி நிறையும்வரை அவர் நாற்காலியை நகர்த்த விடவில்லை.

என் மேல் அவருக்குக் கோபம் இருந்ததா, மன்னித்தாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. மே மாதம் வெயில் ஏறும்வரை தினம் காலையில் வெளியே வந்தார். நான் செத்த கிளைகளையெல்லாம் அறுத்து எடுத்தேன். வந்த துளிர்களில் திடமான ஒன்றை விட்டு, மற்றவற்றைக் கிள்ளினேன். அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்டோபரில், விதை தூவுகிற வாரத்தில், அவர் இறந்துபோனார். புல்லை ஒட்ட வெட்டி வாரி முடித்திருந்தேன். விதை மூட்டை ஷெட்டில் இருந்தது. மூன்று நாள் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்து போனார்கள். அந்த மொட்டைத் தரையின் மேல்தான் நாற்காலிகள் போட்டிருந்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் மகன் தனியாக மரத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். நான் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"இது அதே மரந்தானா?" என்று கேட்டார்.

"வேர் அதே. மேல வேற."

ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, கோபமில்லாமல், களைத்த குரலில் சொன்னார். "அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீ."

நான் அடுத்த நாற்காலியை எடுத்து அடுக்கினேன். சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பாரா என்று தெரியாது. ஆனால் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் விதையைத் தூவட்டுமா என்று வீட்டம்மாவிடம் கேட்டேன். "இந்த வருஷம் வேண்டாம்," என்றார். அந்தக் குளிர்காலம் முழுவதும் முற்றம் பழுப்பாகவே கிடந்தது. மரங்களுக்குத் தண்ணீர் விடுவதைத் தவிர எனக்கு வேலை இல்லை. பிப்ரவரியில் மகன் வந்து வீட்டம்மாவை ஜித்தாவுக்குக் கூட்டிப்போனார். போகும்போது அவர் மரத்தைப் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிட்டு, பெண் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். நர்சிங் சேர்ந்திருக்கிறாள் என்றேன். நன்றாக இருக்கட்டும் என்றார்.

வீடு வாடகைக்குப் போயிற்று. இகாமாவை வேறு கஃபீலுக்கு, அதாவது வேறு முதலாளியின் பெயருக்கு, மாற்றும்வரை இன்னும் ஐந்து வாரம் அங்கே இருந்தேன். வெயில் ஏற ஏற அருகு தானாகவே எழுந்து வந்தது, யாரும் விதைக்காமல். குடிவந்தவர்கள் பார்த்தபோது முற்றம் பாதிக்குமேல் பச்சையாக இருந்தது. எந்தக் குழாய் எந்த மரத்துக்கு என்று அவர்களுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டு, ஒரு வியாழக்கிழமை பெட்டியைக் கட்டினேன். பாய் என்னைப் பத்தாவில் இறக்கிவிட்டார்.