சங்கு ஊதியும் எழாத எட்டுப் பேர்

ரோசால்வா செபாயோஸ், கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் ஒரு தக்காளி விழுது ஆலையில் பத்தொன்பது ஆண்டுகளாக ஃபோர்க்லிஃப்ட் என்னும் சுமைதூக்கி வண்டி ஓட்டுகிறார். வயது நாற்பத்தாறு. பதினொரு ஆண்டுகளாக, பருவத்துக்கு ஒரு பாடம் வீதம், ஊரிலுள்ள ஈராண்டுக் கல்லூரியிலும் படித்து வந்தார்.

புள்ளியியல், உயிரியல், வரலாறு எல்லாம் ஒவ்வொன்றாகத் தேறின. இந்த வசந்தத்தில் மாநிலப் பல்கலைக்கழகம் இளங்கலையின் மூன்றாம் ஆண்டில் நேராகச் சேர இடம் தந்தது. நிபந்தனை ஒன்றுதான்: பொதுக் கல்விப் பாடங்கள் அனைத்தும் கோடைக்குள் முடிந்திருக்க வேண்டும்.

கல்லூரி ஆலோசகர் ஓல்சன் பாடப் பட்டியலை மேலிருந்து கீழாக விரலால் தடவி, ஓரிடத்தில் நிறுத்தினார்.

"எல்லாம் சரி, ரோசால்வா. மேடைப் பேச்சு ஒண்ணுதான் பாக்கி."

"எழுத்துல 'ஏ' கிரேடு வாங்கியிருக்கேனே சார். அதையே பேச்சுன்னு வெச்சுக்கக் கூடாதா?"

"எனக்கு ஆசைதான். அவங்க வெச்சுக்க மாட்டாங்க."

அந்தப் பாடத்தில் ஏற்கெனவே இரண்டு முறை சேர்ந்து, முதல் பேச்சு நாளிலேயே விலகியவர் ரோசால்வா. ஒரே பாடத்தில் மூன்று முறைக்கு மேல் கல்லூரி சேர்த்துக்கொள்ளாது. ஆக, இதுதான் கடைசி.

வேலை நேரம் ஒத்துவராததால் இணைய வகுப்பில் சேர்ந்தார். அங்கே ஒரு விதி. கடைசிப் பேச்சு ஐந்து நிமிடம். எதிரே குறைந்தது எட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து கேட்க வேண்டும். வெட்டாமல் ஒட்டாமல் ஒரே ஓட்டமாகப் படம்பிடித்து அனுப்ப வேண்டும்.

ஜூலையில் ஆலை இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும். எட்டுப் பேர் சேர்ந்து உட்காருவது மதிய உணவின் அரை மணியில் மட்டும்தான். அதிலும் ஒரே மைக்ரோவேவுக்கு வரிசை. திங்களன்று எல்லோரும் சாப்பிட்டு முடித்துத் திரும்பி உட்கார்ந்தபோது நேரம் குறைவாகவே இருந்தது. ரோசால்வா நடுங்கிக்கொண்டே தொடங்கினார். நான்காவது நிமிடத்தில், இடைவேளை முடிந்ததென்று ஆலைச் சங்கு ஊதியது. எட்டுப் பேரும் எழுந்தார்கள். ரோசால்வாவும் பாதி வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, மேசையிலிருந்த ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பத்தொன்பது ஆண்டுப் பழக்கம்.

ஆசிரியை பதில் அனுப்பினார்: "கேட்பவர்கள் எழுந்து போவது சகஜம். பேசுபவரே எழுந்து போவதை இப்போதுதான் பார்க்கிறேன். வெள்ளி மாலைக்குள் இன்னொரு முறை அனுப்பலாம்."

வியாழனன்று பத்திரிகைக்கு அறுவடைச் செய்தி எழுத நான் அந்த ஆலைக்குப் போயிருந்தேன். ரோசால்வாவுடன் வேலை செய்யும் டெல்ஃபினா என் கையைப் பிடித்து நாற்காலியில் அழுத்தினார். ரோசால்வாவின் மகளுக்கு ஞானத்தாய் அவர். ஸ்பானிய வழக்கப்படி இருவரும் ஒருவரையொருவர் 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஒரு தலை குறையுது. உங்க தலை போதும். எழுதாம கேளுங்க."

முன்வரிசையில் மேற்பார்வையாளர் வெண்டல். "சங்கு ஊதினா நான் எழுந்துடுவேன், இப்பவே சொல்லிட்டேன். தக்காளி லைன் எனக்காக நிக்காது."

"எழுந்திரிங்க பாக்கலாம்," என்றார் டெல்ஃபினா.

பேச்சின் பொருள், ஃபோர்க்லிஃப்டை ஏன் பின்பக்கமாக ஓட்டுகிறோம் என்பது. "பீப்பாய்ங்களை உசரமா தூக்கினா முன்னாடி ஒண்ணும் தெரியாது. அதனால திரும்பி உக்காந்து, கழுத்து வலிக்க வலிக்கப் பின்னாடி பாத்து ஓட்டுறோம். புதுசா வர்றவங்க எங்களைப் பாத்துச் சிரிப்பாங்க. முதல் சுவரை இடிக்கிற வரைக்கும்."

வெண்டலே சிரித்தார். போன வருஷம் இடித்தது அவருடைய மைத்துனர்.

அப்போது சங்கு ஊதியது. ரோசால்வாவின் கை தானாக மேசைக்குப் போனது. ஹெல்மெட் இல்லை. வெண்டலின் கையும் தரையைத் துழாவியது. அங்கேயும் இல்லை. டெல்ஃபினாவின் நாற்காலிக்கு அடியில் ரோசால்வாவுடையதையும் சேர்த்து ஒன்பது ஹெல்மெட்டுகளும் குவிந்து கிடந்தன. எனக்குக் கொடுத்திருந்த இரவல் ஹெல்மெட் உட்பட. ஹெல்மெட் இல்லாமல் ஆலைக்குள் யாரும் கால் வைக்க முடியாது.

"என்னோடதையுமா?" என்றார் வெண்டல் மெல்ல.

"அவ முடிக்கட்டும், தர்றேன். நீ பேசு கொமாத்ரே."

ரோசால்வா வெறும் மேசையை ஒரு நொடி பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு எங்களைப் பார்த்தார். அதன்பின் குரல் நடுங்கவில்லை. ஐந்து நிமிடம் நாற்பது நொடி. யாரும் எழவில்லை. முதலில் கைதட்டியவர் வெண்டல். தட்டிவிட்டுத்தான் லைனுக்கு ஓடினார்.

'பி' கிரேடு கிடைத்தது. பாடப் பட்டியலின் கடைசிக் கட்டத்தில் ஓல்சன் குறி போட்டு, முத்திரை வைத்துத் தந்த தாள் இப்போது உணவறையில், அந்த மைக்ரோவேவுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. வரிசையில் நிற்கும் எல்லோரும் அதைப் படித்தாக வேண்டும். ஆகஸ்டில் பல்கலைக்கழக வகுப்பு தொடங்கியது. வேலையை மாலை நேரத்துக்கு மாற்றிக் கொடுத்தவர் வெண்டல்.

முன்பு இரண்டு முறை விலகியதை எழுதாமல் விட்டுவிடவா என்று ரோசால்வாவிடம் கேட்டேன்.

"ஏன் விடணும்? எழுதுங்க. ரெண்டு தடவை ஓடினேன். மூணாவது தடவை ஹெல்மெட் கிடைக்கல."