ஒரு சாண் குறைகிற ராட்சசன்

சூலூர்ப் பக்கம் எந்தத் தறிக்குடோனில் வேண்டுமானாலும் விசாரித்துப் பார்க்கலாம், பொற்கொடியைத் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அப்பனும் ஆத்தாளும் பண்ணையக் கூலிக்குக் குனிந்த முதுகை நிமிர்த்தாமலே போய்ச் சேர்ந்தார்கள். அவள் நிமிர்ந்தாள். தறியும் தானே பழகினாள், எழுத்துக் கூட்டி வாசிக்கவும் தானே பழகினாள், லைன் வீடுகளுக்கு எதிரே ஓட்டு வீடு ஒன்றையும் தானே எழுப்பினாள். கொத்தனார் கோணலாக வைத்த சுவரை இடிக்கச் சொல்லி மறுபடி கட்ட வைத்தவள். இதையெல்லாம் யாராவது கேட்டால்தான் சொல்வாள் என்றில்லை, கேட்காவிட்டாலும் சொல்வாள். உழைத்து வந்ததைச் சொல்வதில் என்ன கூச்சம்?

வீட்டைவிட அவளுக்குப் பெருமை, அவள் சொல்லும் கதை. தறி ஓடும்போது குடோனுக்குள் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் அங்கே யாரும் தொண்டையைச் செலவழிப்பதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள், எதிரே நிற்கிறவர் பார்த்துப் புரிந்துகொள்வார். வம்பு, சண்டை, கேலி எல்லாம் சத்தமில்லாமலே நடக்கும். அப்படித்தான் பொற்கொடி, அறுந்த இழையை முடிந்துகொண்டே, எதிர்த்தறி செவ்வந்திக்கு மாயக்கதை சொன்னாள். பொட்டலம் கட்டி வந்த காகிதங்களில் படித்தது கொஞ்சம், தானாகக் கட்டியது மிச்சம்.

செவ்வந்திக்கு மிகவும் பிடித்தது கருங்கல் கோட்டை ராட்சசன் கதை. ராஜாவின் யானைப்படை, குதிரைப்படை எல்லாம் அவனிடம் தோற்றுப் போகின்றன. கடைசியில் ஆடு மேய்க்கிற பெண் ஒருத்தி வெறுங்கையோடு கோட்டைக்குள் போகிறாள். விளக்கேற்றுகிறாள், ராட்சசன் ஊதி அணைக்கிறான். சோறு வைக்கிறாள், காலால் உதைத்துத் தள்ளுகிறான். அவள் முகம் சுளிக்காமல் மறுபடி விளக்கேற்றுகிறாள். அவள் ஒவ்வொரு தடவை பொறுக்கும்போதும் ராட்சசன் ஒரு சாண் குறைகிறான்.

செவ்வந்தியின் புருஷன் மயில்சாமி லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். குடிக்காத நேரத்தில் "வாங்கக்கா, போங்கக்கா" என்று அத்தனை மரியாதை. குடித்துவிட்டால் கை நீளும். எதிர்வீட்டுக்காரி பொற்கொடிக்கு அது தெரியாததல்ல.

ஒருநாள் கரண்ட் போய்க் குடோன் அடங்கியது. எல்லோரும் டீக்கு உட்கார்ந்தார்கள்.

"ஏனுங்கக்கா, எங்கூட்டு ராட்சசன் நேத்து ஒரு சாண் கொறைஞ்சுட்டாருங்க" என்றாள் செவ்வந்தி.

"அதெப்படி அம்மணி?"

"சோத்துத் தட்டத்த மூஞ்சில வீசல. செவுத்துலதான் வீசுனாரு."

டீ புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார்கள். பொற்கொடியும் சிரித்தாள். "பாத்தீங்களா, என்ற கதைன்னா சும்மாவா?" என்று மற்ற பெண்களைப் பார்த்து மார் தட்டிக்கொண்டாள்.

கிணத்துக்கடவில் செவ்வந்தியின் அண்ணன் சென்னியப்பன் தேங்காய் லோடு அடிக்கிறவன். தங்கையைக் கூட்டிப்போக அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். போகட்டுமா என்று அவள் உதட்டை அசைத்துக் கேட்டபோதெல்லாம் பொற்கொடி, "பொறு கண்ணு. ராட்சசன் இடுப்பொசரத்துக்கு வந்துட்டான், இப்பப் போய் விடுவாங்களா?" என்றாள். நல்ல மனசு தோற்காது என்று அவள் மனதார நம்பினாள். அவள் வாழ்ந்து ஜெயித்த வாழ்க்கையே அதற்குச் சாட்சி என்று நினைத்தாள். அவளுக்கு எதிராக நின்றதெல்லாம் பசியும் வெயிலும்தான், ஒரு மனுஷனின் கை அல்ல என்பது அப்போது தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. லைன் வீட்டு வாசலில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்க் குடத்தோடு வந்த பொற்கொடி, பாதி சாத்தியிருந்த கதவுக்கு அப்பால் செவ்வந்தியின் முகத்தைக் கண்டாள். அவளது வலது கை கதவின் கீல் பக்கத்து இடுக்கில். கதவின்மேல் மயில்சாமியின் முழுப் பாரம். செவ்வந்தியின் வாய் முழுதாகத் திறந்து, "அக்கா, அக்கா, ஓடியாங்க" என்று கத்திக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. அத்தனை வருஷம் குடோனில் உதட்டாலேயே பேசிப் பழகியவள், உயிர் போகிற வலியிலும் அப்படியே கத்தியிருக்கிறாள். கையெட்டும் தூரத்தில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்குத் துணி அடிக்கும் ஓசைதான் கேட்டது.

பொற்கொடி குடத்தைப் போட்டுவிட்டு ஓடி, தோளால் அவனை இடித்துத் தள்ளினாள். அப்படித் தள்ள இன்னொருத்திக்கு வராது. ஆனால் மூன்று விரல்கள் நசுங்கிவிட்டன. கையைப் பார்த்த டாக்டர், இனி அவை மடங்காது என்றார். இழை முடிய வேண்டிய விரல்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே மயில்சாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதான். கஞ்சி ஊட்டினான். "குடிய உட்டுபோட்டேன் செவ்வந்தி, உன்ற மேல சத்தியம்" என்றான்.

வீடு திரும்பிய மறுநாள் சென்னியப்பன் தேங்காய் ஏற்றுகிற குட்டியானை வண்டியோடு வந்துவிட்டான்.

"துணிய எடுத்து வெய்யி. கெளம்பு."

"நான் வர்லீங்ணா."

அவன் பொற்கொடியிடம் திரும்பினான். "ஏனுங்கக்கா, நீங்க சொன்னா கேப்பா. சொல்லுங்க."

பொற்கொடி சொன்னாள். போ என்றாள், முதலாளியிடம் பேசிக்கொள்கிறேன் என்றாள், கெஞ்சவும் செய்தாள். கெஞ்சி அவளுக்குப் பழக்கமில்லை.

செவ்வந்தி கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "அவரு அழுது நீங்க பாத்தீங்கல்லக்கா? பாதிக்குப் பாதி கொறைஞ்சுட்டாரு. இன்னும் கொஞ்சந்தான். இப்பப் போய் உடச் சொல்றீங்களே?"

"அது கதை கண்ணு! நான் கட்டி உட்ட கதை!"

"கதைன்னா பொய்யாங்க்கா? நீங்கதானே பொறுக்கச் சொன்னீங்க?"

பொற்கொடி கொடியில் கிடந்த செவ்வந்தியின் சேலையைத் தானே உருவி மடித்தாள்.

"ராட்சசங் கதையாமா!" சென்னியப்பன் இருவரையும் ஒரு பார்வை பார்த்தான். "நல்லாருங்க." வெறும் வண்டியை உறுமவிட்டுக்கொண்டு போனான்.

தறி ஓட்ட முடியாதவளுக்கு அதே குடோனில் தார்க்கட்டையில் நூல் சுற்றுகிற வேலை கொடுத்தார்கள். கூலி பாதி. மாரியம்மன் கோயில் சாட்டுத் திருவிழாவுக்கு மயில்சாமி மறுபடி குடித்தான். அதற்கப்புறம் செவ்வந்தியின் கழுத்தோரம் கன்றிப்போன தடம் தெரிந்தது. அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, நூல் சுற்றும் மெஷினுக்கு அந்தப் பக்கமிருந்து உதட்டை அசைத்தாள்: "மிச்சக் கதையச் சொல்லுங்க்கா."

பொற்கொடி தறியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ராட்சசன் அழுதது வேஷம். ஒரே ராத்திரியில் பழையபடி பனைமரம் போல வளர்ந்துவிட்டான். ஆடு மேய்க்கிறவள் விளக்கைக் கீழே வைத்தாள். கோட்டைக் கதவைத் திறந்தாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

செவ்வந்தி கடைசிவரை பார்த்தாள். "அவ போகமாட்டாக்கா. நீங்க தப்பாச் சொல்றீங்க" என்றது அவள் உதடு. கோபம்கூட இல்லை, பரிதாபம்தான் இருந்தது அந்த முகத்தில்.

பொற்கொடி மறுபடி ஆரம்பித்தாள். செவ்வந்தி மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தக் குடோனில் ஒருவர் பேச்சைக் கேட்காமலிருக்கக் காதைப் பொத்த வேண்டியதில்லை, முதுகைக் காட்டினால் போதும்.

"போயிடு செவ்வந்தி, போயிடு" என்று பொற்கொடி அந்த முதுகுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவள் தறியில் இழை அறுந்து, துணி ஓட்டையோடு ஓடிக்கொண்டிருந்தது. மேஸ்திரி வந்து தறியை நிறுத்தி, என்ன என்று கையால் கேட்டார். அவள் குனிந்து இழையைத் தேடினாள்.