பின்வரிசைக்கும் தீர்த்தம்

"வான்வழித் தீர்த்தத் தெளிப்பு: விமானப் பொறியியல் வல்லுநர் திருமதி பிரிஜிட் சவரியப்பன் அவர்கள்" என்று குடமுழுக்கு அழைப்பிதழில் அச்சாகியிருந்தது.

பிரிஜிட் விமானத்தில் ஏறியது ஒரே ஒரு முறை, கடல் தாண்டி வேளாங்கண்ணிக்கு. அப்போதும் போக வர கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர் என்பதால், மாரியம்மன் கோயில் அழைப்பிதழில் அவர் பெயர் இருப்பதே ஓர் அதிசயம். 'வல்லுநர்' என்று போட்டது கோயில் தலைவர் பரமேஸ்வரன். லோரி கம்பெனி வைத்திருக்கிறார். எதையும் பெரிய எழுத்தில் எழுதி வண்டியின் பக்கவாட்டில் ஒட்டிப் பழகியவர்.

மெர்லிமா ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அந்தத் தோட்டத்துக் கோயில். பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்களை இடித்தாகிவிட்டது. விடியலில் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் வேலைக்குப் பேர் கூப்பிட்ட பெரட்டுக் களம் இன்று கார் நிறுத்தும் புல்தரை. ஜொகூர், சிங்கப்பூர் என்று சிதறியவர்கள் திருவிழாவுக்கு வந்து அந்தப் புல்தரையில் நின்று பழைய நாட்களை நினைத்து உருகுவார்கள். அந்தப் பழைய நாட்களில் அவர்கள் நினைத்ததெல்லாம் எப்போது இங்கிருந்து வெளியேறலாம் என்பதுதான்.

பிரிஜிட்டும் திலகவதியும் அங்கே ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். பிரிஜிட் பத்து பெரண்டாம் என்ற ஊரின் எலக்ட்ரானிக் ஃபேக்டரிக்கு பஸ் ஏறினார். திலகவதி பால்மரம் சீவவே நின்றுவிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த குடமுழுக்கில், கோபுரத்தின் மேலிருந்து ஹோஸ் வைத்துத் தீர்த்தம் அடித்தார்கள். அது கோயில் குழுவினரின் பட்டுச் சேலைகளோடு நின்றுபோனது. முட்டிவலியோடு பெரட்டுக் களத்தில் நின்ற திலகவதிக்கு ஒரு சொட்டும் வரவில்லை.

"எனக்கு எதுக்குடி தண்ணி? நான் காலையிலேயே குளிச்சிட்டேன்" என்று சிரித்தார் திலகவதி. சிரிக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அடுத்த தடவ உன் தலையில விழும், பாரு" என்றார் பிரிஜிட். எப்படி விழும் என்று அவருக்கே தெரியாது.

இப்போது அந்த அடுத்த தடவை வந்துவிட்டது. திலகவதி சக்கர நாற்காலியில் இருந்தார். டயாலிசிஸ் தொடங்கி இரண்டு வருடம். இதற்கும் அடுத்த தடவையைப் பற்றி இருவரும் பேசிக்கொள்வதில்லை.

ட்ரோனைக் கொண்டுவந்தது பரமேஸ்வரன். சுங்கை ரம்பாயில் ஒரு டுரியான் தோட்டக்காரர் கொட்டகையில் போட்டு வைத்திருந்த மருந்தடிக்கும் ட்ரோன். களைக்கொல்லி பட்ட தொட்டி, குழாய் எல்லாவற்றையும் வீசிவிட்டுப் புதிதாக மாட்டினார்கள். மோட்டார்கள் நன்றாகச் சுற்றின. பறக்க விடாதது அதன் மூளைதான். சுவிட்சைப் போட்டதும் அது தன்னைச் செய்த கம்பெனியிடம் இணையம் வழியாக அனுமதி கேட்கும். கம்பெனியோ கடையை மூடிவிட்டுப் போயிருந்தது.

"செத்துப்போன மொதலாளிகிட்ட லீவு கேக்குற மாதிரிலா இருக்கு" என்றார் பிரிஜிட். ஊரில் ஈயம் பற்றவைக்கும் கோல் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்பதால் ட்ரோன் அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

ஃபேக்டரியில் பதினெட்டு வருடம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து மின்சுற்றுப் பலகை பலகையாக ஈயம் பற்றவைத்தவர் அவர். அந்தப் பலகைகள் எதற்கு என்று ஒருநாள் சூப்பர்வைசரிடம் கேட்டார். "அது உனக்கு எதுக்கு?" என்று பதில் வந்தது. ரேடியோவுக்கு என்றாள் ஒருத்தி, ஏவுகணைக்கு என்றாள் இன்னொருத்தி. கடைசிவரை தெரியவில்லை.

அவர் இணையத்தில் வாங்கிய புது மூளை வேறு வகை. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம், மாற்றலாம், எந்தக் கம்பெனியிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. படித்ததில் முக்கால்வாசி பிரிஜிட்டுக்குப் புரியவில்லை. ஆனால் இணையத்தில் கேட்டால் யாராவது பதில் சொன்னார்கள். எந்த மோட்டார் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று பிரேசிலிலிருந்து ஒருவர் படம் வரைந்தே அனுப்பினார். தான் பற்றவைக்கும் பலகை என்ன செய்யும் என்று ஒருவர் உட்கார்ந்து விளக்கியது அவர் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

பற்றவைக்கும்போது எழுந்த புகை வாடையில் ஃபேக்டரியின் வெள்ளைத் தொப்பிகளும், பஸ்ஸின் பின்சீட்டுப் பாட்டுகளும், மரவள்ளிக் கிழங்கைப் பங்குபோட்ட பெண்களும் திரும்பி வந்தார்கள். அந்த ஃபேக்டரியைச் சிறை என்று பதினெட்டு வருடமும் திட்டியவர், நாலு கம்பி ஒட்டுகிற வேலையைச் சாயங்காலம்வரை இழுத்தார்.

ட்ரோனுக்கு வடக்கு எது என்று பழக்க, அதை எல்லாப் பக்கமும் புரட்டிக் காட்ட வேண்டும். பரமேஸ்வரனின் லோரி டிரைவர் அங்கமுத்து ஒரு பக்கம் பிடிக்க, பிரிஜிட் மறுபக்கம் பிடித்தார்.

"புள்ளைய குளிப்பாட்டுற மாதிரி இருக்குக்கா."

"சோப்பு மட்டும் போட்ராத."

குடமுழுக்குக்கு முதல்நாள் பெரட்டுக் களத்தின் மேல் பறக்கவிட்டார்கள். ஆணி அடித்ததுபோல் ஆகாயத்தில் நின்றது.

மறுநாள் காலை கூட்டம் சேருமுன் இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்று ஏற்றினார் பிரிஜிட். மேலே போன ட்ரோன் நிற்கவில்லை. வட்டம் போட ஆரம்பித்தது. வட்டம் வரவரப் பெரிதாகியது.

"பாத்தீங்களா, அதுவே கோயில சுத்திக் கும்புடுது" என்றார் அங்கமுத்து பரவசமாக.

பிரிஜிட் அவசரமாக அதை இறக்கினார். பரமேஸ்வரன் ஓடி வந்தார்.

"வேணாங்கா. மேலேருந்து ஹோஸ்லயே அடிச்சிருவோம். போன தடவ மாதிரியே."

"போன தடவ மாதிரியேவா, தலைவரே?"

பிரிஜிட் பெரட்டுக் களத்தைப் பார்த்தார். திலகவதி அதற்குள் வந்து, பழைய இடத்திலேயே குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.

பழைய மூளையாக இருந்தால் 'விற்பனையாளரை அணுகவும்' என்று சொல்லிவிட்டு வாயை மூடியிருக்கும். புதியது நடந்ததை எல்லாம் எழுதி வைத்திருந்தது. பிரிஜிட் கைப்பேசியில் கோடுகளைப் பார்த்தார். நேற்றுவரை ஒழுங்காக இருந்த வடக்கு, இன்று காலை முதல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. இன்று காலை என்ன மாறியது? நிமிர்ந்து ட்ரோனைப் பார்த்தார்.

அதன் நடுவில் நிற்கும் சின்னக் கம்பத்தின் உச்சியில் ஒரு வெள்ளை வில்லை. திசைகாட்டி அதற்குள்தான் இருக்கிறது. அதை ஒட்டி, தடித்த இரும்புக் கம்பியில் கோத்து, பச்சை மிளகாயும் கரியுமாக ஓர் எலுமிச்சம்பழம்.

"நான்தான் கட்டுனேன்" என்றார் அங்கமுத்து. "புது வண்டிக்கு திருஷ்டி கட்டாம விடலாமா? அதான் அதோட தலைன்னு நெனச்சேன்."

பிரிஜிட்டுக்கு இதில் சிரிக்க உரிமையில்லை. காலஞ்சென்ற கணவர் சவரியப்பனின் மோட்டார் சைக்கிளில் ஜெபமாலையும் எலுமிச்சம்பழமும் ஒன்றாகத்தான் தொங்கின. பழத்தைத் தேவாலயத்துக்காரி அவிழ்த்தாள் என்று ஆகிவிட்டால், அடுத்த பன்னிரண்டு வருடத்துக்கு ஊருக்கு வேறு பேச்சே வேண்டாம்.

"பழம் இருக்கட்டும். கம்பிதான் ஆகாது, இரும்பு பக்கத்துல இருந்தா வடக்கு கொழம்பிரும். பூக்கட்டுற நூலு ஒரு மொழம் குடு."

கம்பியை உருவிவிட்டுப் பழத்தை நூலில் கோத்து ட்ரோனின் காலில் கட்டினார்.

"கால்லயா கட்டுறது?"

"உன் லோரிக்குத் தலையிலயா வைக்கிற? டயருக்கு அடியில வைக்கல?"

அங்கமுத்து யோசித்துப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார். மறுபடி ஏற்றியபோது ட்ரோன் ஆணி அடித்ததுபோல் நின்றது. பரமேஸ்வரன் ஹோஸைச் சுருட்டி வைத்தார்.

கலசத்தில் நீர் விழுந்ததும் ட்ரோன் கிளம்பியது. கைதூக்கி நின்ற முன்வரிசையை அது கண்டுகொள்ளாமல் தாண்டிப் போனது. பாதையைப் பிரிஜிட் பின்வரிசையில் தொடங்கி முன்னால் வரும்படி போட்டிருந்தார். முதல் தூறல் பெரட்டுக் களத்தில் விழுந்தது. தலைவருக்கு வந்தபோது தொட்டியில் அடிமண்டி.

"சளி புடிச்சா நீயாடி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவ?" என்றார் திலகவதி. அவர் நெற்றியிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துவிடப் போன மருமகளின் கையைத் தட்டிவிட்டார்.

நன்றியுரையில் பரமேஸ்வரன் பிரிஜிட்டை 'விண்வெளி நிபுணர்' ஆக்கினார். பிரிஜிட் செய்தது இவ்வளவுதான்: ஒரு பழைய ட்ரோனின் பூட்டிய மூளையைக் கழற்றி, திறந்த ஒன்றை வைத்தார், எலுமிச்சம்பழத்தை இடம் மாற்றிக் கட்டினார், திலகவதியின் தலையில் தீர்த்தம் விழச் செய்தார்.