டேப்போடு போனேன், தெருவே கதவைச் சாத்தியது

இன்று காலை, பட்டாசுத் தொழிலுக்குப் பேர்போன எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு தச்சாசாரியின் வீடு. அவரே செதுக்கிய தலைவாசல் கதவைப் படமெடுத்து இங்கே போடலாம் என்று ஆசை.

கதவு உள்பக்கமாகத் திறந்து கிடந்ததால் செதுக்கு வேலையெல்லாம் சுவருக்குப் பின்னால் மறைந்திருந்தது. சரி, முதலில் வாசல் நிலையை அளப்போம் என்று டேப்பை எடுத்தேன்.

திண்ணையில் வேலையாக இருந்த ஆசாரி உளியைக் கீழே வைத்தார். “எந்த ஆபீஸ்ல இருந்து வாரீக?”

“ஆபீஸ் இல்ல அண்ணாச்சி. பழைய வீடுகளப் பத்தி இன்டர்நெட்ல எழுதுறேன்.”

“எழுதுறதுக்கு எதுக்கு டேப்பு?”

“கதவை அளக்கத்தான்.”

“போன மாசம் சோதனைக்கு வந்தவரும் கதவுல இருந்துதான் ஆரம்பிச்சாரு.”

அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குள் வைத்துத் திருட்டுத்தனமாக வெடி சுற்றுகிறார்களா என்று சோதிக்க வந்த அதிகாரி என்று என்னை நினைத்துவிட்டார். கேமரா, டேப்பு, தோளில் பை, கொஞ்சம் தொப்பை. எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

எதிர்வீட்டு அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு பக்கத்து வீடு, அதற்கடுத்த வீடு. கடைசியில் ஆசாரியும் எழுந்து போய் உள்ளேயிருந்து தாழ் போட்டார்.

சாத்திய பிறகுதான் வேலைப்பாடு முழுதாகத் தெரிந்தது. தாமரை, கிளி, கொடி. தெரு முழுக்க அவர் கைவேலைதான். ஒன்று விடாமல் எடுத்தேன்.

உள்ளிருந்து ஆசாரியின் குரல் வந்தது. “எடுத்தாச்சுன்னா கெளம்புங்க. உங்களால தெருவுல அம்புட்டுப் பேருக்கும் வேலை நிக்குது.”

என்ன வேலை என்று நான் கேட்கவில்லை.

படங்கள் கீழே. கதவுகளைப் பற்றி மட்டும் கருத்துச் சொல்லுங்கள்.